போகும்போதும் வலது, வரும்போதும் வலது

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பாஸ்போர்ட்டையும் சம்பளப் பட்டியலையும் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. மைதானத்தில் அவள் பூட்டு. இடது பக்கத் தடுப்பாட்டம் அவள் வேலை. அந்தப் பக்கமாக எவளும் பந்தோடு உள்ளே நுழைய முடியாது என்று கூட ஆடியவர்கள் பதினாறு வயதில் வைத்த பெயர், நாற்பதை நெருங்கும்போதும் விட்டபாடில்லை.

ஆரம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. பாட்டில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவளுடைய அண்ணனும் கூட்டாளிகளும் ஆடுவார்கள். ஆள் குறைந்தால் மட்டும் அவளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். யாரும் நிற்க விரும்பாத இடம் பின்பக்கத்து இடது மூலை. அங்கே சாக்கடை ஓடியது. "நீ அங்க போய் நில்லு, பந்து வந்தா எட்டி உதை, வேற எதுவும் பண்ணாத" என்றான் அண்ணன். அவளுக்கு இடது கால்தான் பழக்கம் என்பது அப்போது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டே வருஷத்தில், பூட்டு எந்தப் பக்கம் என்று முதலில் பேசி முடித்த பிறகுதான் மற்ற ஆட்களைப் பிரித்தார்கள். அண்ணன் உப்புக்குச் சப்பாணி ஆனான்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் நின்று நின்று அவள் கைகள் எப்போதும் சிவந்தே இருக்கும். மகள் தேசிய அணிக்குப் போன முதல் ஆட்டத்தை டிவியில் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "தொண்ணூறு நிமிஷத்துல நீ பந்தத் தொட்டதே நாலு தடவதான்டி, இதுக்கா ப்ளேன்ல கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். பூட்டுக்குச் சிரிப்பு வந்தது. தடுப்பாட்டக்காரியின் பிழைப்பு வாட்ச்மேன் பிழைப்பு. ஒன்றுமே நடக்காவிட்டால்தான் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு யாரும் கை தட்டுவதில்லை.

அன்று போட்டு ஆடிய சட்டை ஆண்கள் அணியின் பழையது. கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. முதுகில் யாரோ ஒருவனுடைய பெயரைப் பிரித்தெடுத்த தையல் தடம் அப்படியே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தேசிய கீதத்துக்கு நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது. பெருமையா, அந்தத் தடம் முதுகில் அரித்ததா என்று இன்று கேட்டால், இரண்டும்தான் என்பாள்.

இருபத்து மூன்று வயதில் வெளிநாட்டு கிளப் ஒன்று அவளை ஒப்பந்தம் செய்தது. பந்து உதைக்கச் சம்பளம் என்றால் அண்ணன் நம்பவே இல்லை. போன இடத்தில் சொர்க்கம் ஒன்றும் காத்திருக்கவில்லை. ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் மூன்று பெண்கள். காலையில் கிளப்பின் கடையில் ஆண்கள் அணிச் சட்டைகளை மடித்து அடுக்க வேண்டும். மாலையில் பத்து வயதுப் பொடியன்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு, அவர்கள் உழுது வைத்த பின்மைதானத்தில் இவர்களுக்குப் பயிற்சி. மூன்று வருஷம் அப்படி ஆடினாள். நன்றாகவே ஆடினாள். நான்காவது வருஷம் ஆண்கள் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அதற்குத் தண்டனையாகப் பெண்கள் அணியைக் கலைத்தார்கள். எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள், எல்லா ஊரிலும் இதுதான் நியாயம். ஊரில் அவளுக்காகக் காத்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவன் அதற்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தைக்கும் அப்பன் ஆகியிருந்தான். அவனையும் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்தவளுக்கு மிச்சம் தேசிய அணி ஒன்றுதான். அதுவும் வருஷத்துக்கு ஒரு முறை கூடும், சில வருஷம் அதுகூட இல்லை. முப்பத்தொன்றாவது வயதில் பெரிய போட்டி ஒன்றுக்கான தகுதிச் சுற்று வந்தது. முகாமின் முதல் நாள் கால்பந்துச் சங்கத் தலைவர் நேரில் வந்து பேசினார். "தகுதி பெற்றால் பெண்கள் அணி இருக்கும். பெறாவிட்டால் இதற்கு மேல் என்னால் இழுத்துக்கொண்டு போக முடியாது" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அவர் இழுத்துக்கொண்டு போன ஆண்கள் அணி நாற்பது வருஷமாக எதற்கும் தகுதி பெற்றதில்லை. அவர்களை யாரும் இந்தக் கேள்வி கேட்டதும் இல்லை.

கெட்டிக்காரப் பெண்கள். முதல் மூன்று ஆட்டங்களைத் தாண்டிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும், உள்ளே. அந்த அணியில் பூட்டுக்கு மாற்றாக ஒரு பெண் இருந்தாள். வயது பத்தொன்பது. எல்லோருக்கும் இளையவள் என்பதால் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். நல்ல ஓட்டம், நல்ல இடது கால். ஆனால் அதுவரை ஒரு சர்வதேச ஆட்டத்தில்கூட ஒரு நிமிஷமும் இறங்கியதில்லை. பூட்டு நின்றால் அவள் உட்கார வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பயிற்சி முடிந்து பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. பின்னால் கிடந்த ஒரு பந்துக்காகத் திரும்பினாள். இடது முழங்காலுக்குள் ஈரக் குச்சியை ஒடித்தது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் என்னவென்று கால்பந்து ஆடுகிறவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. பூட்டு அங்கேயே உட்கார்ந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். எழுந்து நடந்தபோது நேராக நடக்க முடிந்தது. திரும்பினால்தான் கால் கழன்றது. நேராகவே நடந்து பஸ்ஸில் ஏறினாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் சின்னவள் ஆடுவாள். முப்பத்தொரு வயதில் இந்தக் காலோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வர வழியே இல்லை என்பதும், தன்னைவிட்டால் இந்த இடது பக்கத்துக்கு ஆளே இல்லை என்கிற நினைப்பும் சேர்ந்து அவள் வாயைக் கட்டின. பயம் எவ்வளவு, கர்வம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவளால் இன்றுவரை முடிந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் இறங்கினாள். ஹோட்டல் துண்டில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டாள், வலி மாத்திரையை இரட்டிப்பாக்கினாள், தொளதொளப்பான கால்சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் எல்லோருக்கும் உடல் தகுதிச் சோதனை. அணியோடு வந்த டாக்டர் தோல் டாக்டர். சங்கத் துணைத் தலைவருக்கு மைத்துனர் முறை. அணியில் சொறி சிரங்கு பரவியிருந்தால் அவரைத் தெய்வமாகக் கும்பிட்டிருப்பார்கள். ஹோட்டல் நடைபாதையின் ஒரு கோடியில் நாற்காலி போட்டு, மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு அமர்ந்தார். அவருக்குக் கொடுத்திருந்த குறிப்பு எளிது. ஒவ்வொருத்தியும் அவர் பக்கத்திலிருந்து கிளம்பி வலது காலில் நொண்டியடித்தபடி லிஃப்ட் வரை போக வேண்டும். அங்கே திரும்பி இடது காலில் நொண்டியடித்தபடி அவரிடம் வர வேண்டும். முட்டியில் கோளாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

முதலில் கோல் கீப்பர் போனாள், வந்தாள். டாக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏம்மா, போகும்போதும் இந்தப் பக்கத்துக் கால், வரும்போதும் இந்தப் பக்கத்துக் காலா? மாத்தி ஆடும்மா."

"மாத்தித்தான் சார் வந்தேன். நான் திரும்பிட்டேன்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மறுபடி போ."

போகிறவள் முதுகைக் காட்டிப் போகிறாள், அவளுடைய வலது அவருக்கும் வலப்பக்கம். வருகிறவள் முகத்தைக் காட்டி வருகிறாள், அவளுடைய இடதும் அவருக்கு வலப்பக்கமாகத்தான் தெரியும். இது மனுஷனுக்கு விளங்கவில்லை. கோல் கீப்பர் விளக்கப் பார்த்தாள், அவர் பட்டியலைத் தட்டினார். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் கோல் கீப்பர் அலுத்துப்போய், போகும்போதும் வலது காலிலேயே போய், வரும்போதும் அதே வலது காலிலேயே வந்தாள். டாக்டருக்குத் திருப்தி. டிக் போட்டார்.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள், பூட்டு ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தவர்களில் சிலர் ஒழுங்காகச் செய்து திட்டு வாங்கினார்கள், சிலர் வம்பு எதற்கென்று கோல் கீப்பர் வழியிலேயே போனார்கள். பூட்டின் முறை வந்தது. போகும்போது வலது. லிஃப்ட் கதவில் கையூன்றித் திரும்பினாள். வரும்போதும் வலது. இடது காலைத் தரையில் வைக்கவே இல்லை. "இவங்களுக்குத்தான் புரிஞ்சிருக்கு" என்று டாக்டர் டிக் போட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

ஆட்டம் நடந்தது. முதல் பாதியில் நேராக ஓடியே சமாளித்தாள். எதிரணியின் வலது பக்கத்து முன்களக்காரி, சுருள் முடிக்காரி, இரண்டு முறை இவளை உள்பக்கமாகத் திருப்பப் பார்த்தாள். பூட்டு திரும்பாமல் கோட்டோரமாகவே அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். பதினைந்து வருஷ அனுபவம், பாதிக் காலோடும் வேலை செய்தது. இடைவேளையில் கோச் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கால் ஏதாவது பண்ணுதா? ஒரு மாதிரி ஓடுற."

"ஒண்ணுமில்ல சார்."

"நிஜமா சொல்லு. வெளிய சின்னவ ரெடியா இருக்கா."

"ஒண்ணுமில்ல சார், ஷூதான் புதுசு."

கோச் நம்பினார். அவளை நம்பாமல் யாரை நம்புவார்? எழுபத்தைந்தாவது நிமிஷத்தில், தசை பிடித்துக்கொண்ட ஒரு நடுக்களக்காரிக்குப் பதிலாகக் கடைசி மாற்று ஆளையும் இறக்கிவிட்டார். இனி யாரையும் மாற்ற முடியாது. கோல் எதுவும் விழவில்லை. இன்னும் கால் மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

எண்பத்து மூன்றாவது நிமிஷத்தில் சுருள் முடிக்காரி வெளிப்பக்கம் போவது போல ஆடி உள்ளே வெட்டினாள். பூட்டு திரும்பியாக வேண்டியிருந்தது. திரும்பினாள். கால் அவளோடு வரவில்லை. விழுந்த இடத்திலிருந்து, பந்து வலையில் விழுவதை அவள் நன்றாகவே பார்த்தாள்.

மிச்ச நிமிஷங்களை எதிரணி கோலுக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்றே கழித்தாள். பத்துப் பேரோடு ஆடுவதைவிட ஒரு கம்பத்தையாவது நட்டு வைக்கலாம் என்றுதான். ஆட்டம் முடிந்ததும் சின்னவள் ஓடிவந்து மண்டியிட்டு, வலிக்காமல் அவள் ஷூவைக் கழற்றினாள். ஒரு கோல் வித்தியாசம். வெளியே.

ஆறு வாரத்தில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மகளிர் அணியின் செயல்பாடுகள் மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன. மறு அறிவிப்பு இன்றுவரை வரவில்லை. தேசிய அணியே இல்லாதபோது எங்களுக்கு எதற்கு என்று தொழிற்சாலை அணிகளும் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கோல் கீப்பர் பேக்கரியில் மாவு பிசைகிறாள். கேப்டன் இன்ஷூரன்ஸ் விற்கிறாள். இருபத்து மூன்று பெண்களில் இன்று பந்து உதைத்துப் பிழைக்கிறவள் ஒருத்தியும் இல்லை.

பூட்டுக்கு மட்டும் ஒரு புகழ் மிஞ்சியது. ஒற்றைக் காலில் எதிரணி கோலுக்கு முன்னால் நின்ற அவள் படத்தைப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. கால் போன பிறகும் களத்தை விட்டுப் போகாத வீராங்கனை என்று எழுதினார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எலும்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, "இதுல பழைய கிழிசல் ஒண்ணு இருக்கே, முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது டாக்டர்" என்றாள். முட்டி பாதிதான் மடங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்து மனமிளகிய நகராட்சி, விளையாட்டரங்கத்தின் சாமான் அறையில் வேலை கொடுத்தது. பந்துகளுக்குக் காற்றடிப்பது, கிழிந்த வலைகளைத் தைப்பது, வங்கிக்காரர்களும் வக்கீல்களும் வாரக் கடைசியில் ஆட வந்தால் பந்து எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பது. சட்டம் போட்ட அந்தப் படத்தை மேனேஜர் அவள் தலைக்கு மேலேயே மாட்டிவைத்தார். வருகிறவர்களிடம், "இவங்கதான் அவங்க" என்று காட்டுவார். அவள் தலையாட்டுவாள். அம்மா சாகும்போது படுக்கையில் கடைசியாகச் சொன்னதும் அந்தப் படத்தைப் பற்றித்தான். "உன்ன மாதிரி யாருடி நிப்பா" என்றாள். அவளிடமும் பூட்டு உண்மையைச் சொல்லவில்லை.

யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சின்னவளிடம். ஆறு வருஷமாக மனதுக்குள் அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தாள். அந்தப் பெண்ணின் எண் கைவசம் இருந்தது, கூப்பிடத்தான் கை எழவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூரியர் வேன் ஒன்று வந்து நின்றது. புதுப் பந்துகள் வந்த பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு சீருடையில் ஒருத்தி இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். சின்னவளேதான்.

"அக்கா. நீங்க இங்கயா?"

"உள்ள வா. டீ குடிக்கலாம்."

"பத்து நிமிஷம்தான்க்கா இருக்கு. இன்னும் பதினாலு வீடு பாக்கி."

பூட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மெஷினில் இரண்டு டீ பிடித்துக்கொண்டு வந்தாள். பெட்டிகளின் மேலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு டீயைப் பார்த்தாள். ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் பூட்டுக்கு ஞாபகம் வரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கால் அந்த மேட்ச்ல போகல. மூணு நாள் முன்னாடியே போயிடுச்சு. டெஸ்ட்ல அந்தாள ஏமாத்திட்டு ஆடினேன். அது நீ ஆட வேண்டிய மேட்ச். நான் சொல்லியிருந்தா ஒருவேள நாம ஜெயிச்சிருப்போம். எல்லாரும் இன்னும் ஆடிட்டு இருப்பீங்க."

சின்னவள் டீயை ஊதினாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"வரிசையில உங்களுக்கு அடுத்தது நான்தான். மத்தவங்க விளையாட்டுக்கு வலதுலயே வந்தாங்க. நீங்க லிஃப்ட்கிட்ட திரும்பும்போதுகூட இடது கால கீழ வைக்கவே இல்ல. படியில போய் உக்காந்தத கூடப் பாத்தேன்."

பூட்டுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அது நியாயமான கோபம் இல்லை என்று தெரிந்தே வந்தது.

"அப்போ ஏன்டி சொல்லல? கோச்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"பயம்க்கா." சின்னவள் நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள். "நீங்க வெளிய வந்தா நான் உள்ள போகணும். அந்த சுருட்ட முடிக்காரி ஆடறத வீடியோல பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. என்னால அணி போச்சுன்னு ஆயிடுமோன்னு பயம். டாக்டர் உங்களுக்கு டிக் போட்டாரு பாருங்க, அப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

பூட்டு ஆறு வருஷமாக ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருடிவிட்டோம் என்று நினைத்திருந்தாள். பாரத்தை இறக்கி வைத்தால் லேசாகும் என்பார்கள். இங்கே இவள் இறக்கியதும் போகவில்லை, அந்தப் பெண் இத்தனை நாள் சுமந்ததும் சேர்ந்துகொண்டது.

"இப்ப எங்கயாச்சும் ஆடுறியா?" என்று கேட்டாள், கேட்க வேறு எதுவும் இல்லாததால்.

"இல்லக்கா. சும்மாகூட உதைக்கறது இல்ல. அப்பாடான்னு நெனச்சவளுக்கு எதுக்குப் பந்து."

வெளியே மைதானத்தில் யாரோ புல் வெட்டும் மெஷினைக் கிளப்பினார்கள். சின்னவள் மிச்ச டீயைக் குடித்து முடித்து எழுந்தாள். தள்ளுவண்டியைத் திருப்பினாள்.

"இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?" என்றாள் பூட்டு.

"இல்லக்கா. யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத."

யோசித்துச் சொன்னதல்ல, அதுவாக வந்துவிட்டது. சின்னவள் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் தலைக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தாள்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டு காலி டீக் கப்பையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.